டேபிளை வெளியே எடுக்கும்போது



புரோகிராம் எழுதுகிறவர்கள் கடைசி நாள் அவசரத்தில் எழுதி முடிக்கிற ஒரு சமாச்சாரம் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். டேபிளில் உள்ள தகவலை ஃபைலாக எடுத்துக் கொடுக்கும் 'எக்ஸ்போர்ட்' பட்டன்தான் அது.

ஃபாக்ஸ்புரோ நாளில் இது ஒரே வரி. புரோகிராமுக்குள் 'காப்பி டு' என்று எழுதி, 'டிலிமிட்டட்' சேர்த்தால் கமா போட்ட டெக்ஸ்ட் ஃபைல் ரெடி. ஆனால் மெமோ ஃபீல்டு அதில் வராது. பக்கம் பக்கமாகக் குறிப்பு எழுதி வைத்திருப்பார்கள். அது மட்டும் சத்தமில்லாமல் விடுபட்டுப் போகும். எரர் வந்தாலாவது தேவலை!

சின்ன விஷயம்தானே என்று நினைக்க வேண்டாம். 2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை, இங்கிலாந்தில் 15,841 கொரோனா நோயாளிகள் தினசரிக் கணக்கில் விடுபட்டார்கள். பரிசோதனைக் கூடங்களிலிருந்து வந்த சிஎஸ்வி ஃபைல்களைப் பொதுச் சுகாதாரத் துறை பழைய எக்ஸெல் ஃபார்மட்டில் ஏற்றியது. அதில் 65,536 வரிசைக்கு மேல் இடம் கிடையாது. மீதி எங்கே போயிற்று? அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் வேலை அத்தனை நாள் தள்ளிப்போனது.

தம்பிகளுக்கு இதைத்தான் சொல்வேன். ஃபைலை எழுதி முடித்ததும் புரோகிராமே அதைத் திரும்பப் படித்து, 'டேபிளில் இத்தனை, ஃபைலில் இத்தனை' என்று திரையில் காட்டட்டும். வரியை எண்ணினால் போதாது. முகவரிக்குள் ஒருத்தர் என்டர் தட்டியிருந்தால் ஒரு ரெக்கார்டு மூன்று வரியாக நிற்கும். சிஎஸ்வியை எக்ஸெல்லில் நேராகத் திறந்தால் போன் நம்பரின் முன்னால் இருக்கும் பூஜ்யம் உதிர்ந்துவிடும். யூடிஎஃப்-8 ஃபைலின் தொடக்கத்தில் 'பிஓஎம்' என்ற மூன்று பைட் இல்லையென்றால் தமிழ்ப் பெயர்கள் கோணல்மாணலாகத் தெரியவும் கூடும்.

இன்னொன்று, மைஎஸ்க்யூஎல்லில் 'இன்டு அவுட்ஃபைல்' என்று எழுதினால் ஃபைல் உட்காருவது சர்வரில். பட்டனை அழுத்தியவர் தன் மெஷினில் தேடிக்கொண்டிருப்பார். தகவல் அவருடையது, அவர் கையில் போய்ச் சேருகிற மாதிரி எழுதிக் கொடுங்கள்.

மற்ற சந்தேகங்களைச் சாப்பாட்டுக்கு அப்புறம் கேளுங்கள், சொல்கிறேன்.