எங்கள் தெருக்களின் வரலாறு
(நூற்றாண்டு விழா மாணவியர் கண்காட்சியில் பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரை)



தரம் 10 மாணவியரின் செயற்றிட்டங்களைப் பார்த்துவிட்டுத்தான் மேடைக்கு வருகிறோம். நாங்கள் படித்தபோது ‘சமூகக்கல்வியும் வரலாறும்’ என்று ஒரு பாடம். குளங்களையும் அவற்றைக் கட்டிய மன்னர்களையும் மனனம் செய்தோம். பாடசாலைக்கு வரும் வழியில் என்ன இருந்தது என்று எங்களை யாரும் கேட்கவில்லை.

இவர்கள் கொட்டாஞ்சேனையையே துணியில் தைத்திருக்கிறார்கள். கருங்கல் பொன்னம்பலவாணேஸ்வரர் ஆலயத்துக்குச் சாம்பல் நூல். தீபதுத்தாராம விகாரைக்குக் கொடியின் நிறங்கள். 1885 வெசாக் நாளில் பௌத்த கொடி முதன்முதலாக ஏற்றப்பட்டது அங்கேதான். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன், 1883 உயிர்த்த ஞாயிறன்று, அதே தெருக்களில் பௌத்தருக்கும் கத்தோலிக்கருக்கும் இடையே கலவரம் மூண்டது. அதையும் சிவப்பு நூலில் தைத்திருக்கிறார்கள்.

பக்கத்து மேசையில் அட்டையாற் செய்த வெள்ளவத்தை மில். 1933இல் அங்கே பெரிய வேலைநிறுத்தம் நடந்தது; கொல்வின் ஆர். டி சில்வா தொழிலாளர் பக்கம் நின்றார். இன்று அந்தக் காணியில் ஹெவ்லொக் சிட்டி. அங்கே குடியிருக்கும் எங்கள் தோழியர் சிலருக்கே இது புதினம்!

வெள்ளவத்தை அம்மம்மாமாரின் குரலைப் பதிவு செய்த பிள்ளைகள் மட்டும் 1983 ஆடி மாதத்தை விட்டுவிட்டார்கள். வீட்டில் வேண்டாம் என்றார்களாம். அந்தப் பயம் எங்களுக்கும் தெரியும். அப்போது நாங்கள் சிறு குழந்தைகள். பிறகும் அந்தக் கதை இரகசியக் குரலில்தான் காதுக்கு வந்தது. ஆனால் ஒரு கலவரத்தைத் துணியில் தைக்க நூறு ஆண்டுகள் கழிய வேண்டுமா? அதற்குள் சொல்ல யார் இருப்பார்கள்?

வைத்தியர்களாகிய நாங்கள் நோயாளியிடம் முதலில் ‘ஹிஸ்டரி’ எடுப்போம். சொல்ல விரும்பாததைப் பிடுங்குவதில்லை. காத்திருந்து மறுபடி கேட்போம். மறதி நோயோடு வரும் முதியவர்கள் காலைச் சாப்பாட்டை மறந்தாலும் இளமைக்காலத்தை நெடுநாள் வைத்திருப்பார்கள். பிறகு அதுவும் போய்விடும்.

ரொறன்ரோ, லண்டன், மெல்பேண் தோழியரே, இந்த வாரமே அம்மாவிடம் கேளுங்கள். எந்த முகாமில் எத்தனை நாள்? காங்கேசன்துறைக்கு எந்தக் கப்பல்? கதவைத் திறந்து ஒளித்து வைத்த சிங்கள அயலவர் யார்? பெயர் வேண்டாம் என்றால் பெயரில்லாமலே பதியுங்கள். இப்போதைக்கு யாரும் கேட்கக்கூடாது என்றால், பாடசாலை நூலகத்தில் பூட்டோடு ஓர் அலுமாரி வைக்க அதிபர் சம்மதித்திருக்கிறார். அதற்கான காசை எங்கள் வகுப்புத் தோழியர் சேர்த்துவிட்டோம்.