வழக்கொழிந்த குறி



எங்கள் ஆச்சியின் பெட்டகத்தில் எந்தப் பூட்டுக்கும் பொருந்தாத திறப்பொன்று கிடக்கின்றது, எறிய விடமாட்டார். மென்பொருட் சோதனைக் கருவியொன்றில் அத்தகைய குறியொன்றைக் கண்டேன். 'சித்தி', 'தவறு' என்னும் முடிவுகளுக்கருகே விளக்கமும் வழக்குமின்றிக் கிடந்தது. அழித்துவிட்டேன். 'தவறு' அல்லாதன யாவும் 'சித்தி' என்பது கருவியின் கணக்கு. பழைய அறிக்கைகளில் அக்குறி பெற்றிருந்த, ஒருபோதும் ஓட்டிப்பாராத சோதனைகளெல்லாம் சித்தியெய்திவிட்டன!

இணையத்தின் எச்.ரி.ரி.பி. விதியிலே 306 என்னும் நிலையெண் வழக்கொழிந்தது. அதனை நீக்கி மறந்துவிடாமல், வழக்கில் இல்லை, ஒதுக்கப்பட்டது என்று 1999இல் எழுதிவைத்தனர். 2022ஆம் ஆண்டு விதியிலும் அவ்வெண்ணுக்கு அதே குறிப்புத்தான்.

நானும் குறியை மீளச் சேர்த்து, அருகே பொருளெழுதி, வேறாக எண்ணினேன். சித்திகள் குறைந்தன. அந்தக் கணக்கையே விரிவுரையாளரிடம் கொடுத்தேன்.