ஈக்குவலைசரைத் தொடலாமா?

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



"ஏதாவது பயனுள்ளதாகப் பதினைந்து நிமிடம் பேசுங்கள் டீச்சர்" என்று செயலாளர் கேட்டார். பௌதிகவியல் படிப்பித்தவளிடம் இப்படிக் கேட்பது கொஞ்சம் ஆபத்தானது. பயப்பட வேண்டாம், கரும்பலகை கேட்கவில்லை. உங்கள் எல்லோருடைய கைப்பையிலும் இருக்கிற ஒரு பொருளைப் பற்றித்தான் பேசப் போகிறேன். போனில் பாட்டுக் கேட்கிற இடத்தில் ஈக்குவலைசர் என்று ஒன்று இருக்கும். ஐந்தோ பத்தோ கோடுகள், ஒவ்வொன்றிலும் ஏற்றி இறக்க ஒரு புள்ளி. பக்கத்தில் ராக், பாப், ஜாஸ், கிளாசிக்கல் என்று பெயர்கள். நம்முடைய பக்கீர் பைத்தும் றபான் பாட்டும் இதில் எந்தப் பெயருக்குள் அடங்கும் என்று நான் பல நாள் யோசித்ததுண்டு.

அதைத் தொடலாமா, தொடக் கூடாதா? முப்பது வருடம் நான் வகுப்பில் சொன்ன பதில், "தொடாதே" என்பதுதான். பாடியவர் பாடியபடி, பதிந்தவர் பதிந்தபடி கேள். உன் விருப்பத்தை அதன் மேல் பூசாதே. அந்தப் பதிலை நான் மாற்றிக்கொண்டேன். மாற்ற வைத்தது ஒரு கெசட். அதற்கு முன் கொஞ்சம் பௌதிகவியல், மன்னிக்க வேண்டும்.

ஈக்குவலைசர் என்ற சொல்லின் பொருள் சமப்படுத்துவது. அது பாட்டுக்காரரிடமிருந்து வந்ததல்ல, தொலைபேசிப் பொறியியலாளர்களிடமிருந்து வந்தது. நீண்ட கம்பியில் போகும் குரலில் உயர்ந்த மீடிறன்கள் அதிகமாகத் தேய்ந்துபோகும். தேய்ந்ததை மறுமுனையில் ஈடுசெய்து, பேசியவர் பேசியபடி ஆக்குவதே அதன் முதல் வேலை. கூட்டிக் குறைத்து அலங்கரிப்பது பிறகு வந்த பழக்கம்.

"பதிந்தபடி கேள்" என்று நான் சொன்னேனே, அதிலும் ஒரு பிழை உண்டு. பழைய இசைத்தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தாழ்ந்த ஒலிகளை அப்படியே வெட்டினால் தட்டிலுள்ள கோடு அகலமாக ஆடும், இடம் போதாது, ஊசி துள்ளும். ஆகவே தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தும் உயர்ந்த ஒலிகளைக் கூட்டியும் வெட்டினார்கள். கேட்கும் பெட்டி அதை நேர்மாறாகத் திருப்பிவிடும். இதற்கான பொது அளவு 1954ஆம் ஆண்டு அமெரிக்காவில் நிர்ணயிக்கப்பட்டுப் பின்னர் உலகெங்கும் பரவியது. ஆக, அந்தத் தட்டுகளைக் கேட்டவர் எல்லோருமே ஈக்குவலைசர் வழியாகத்தான் கேட்டார்கள், தெரியாமலே.

எங்கள் வீட்டு வானொலிப் பெட்டியிலும் ஒரு திருகி இருந்தது. சத்தத்துக்கு ஒன்று, நிலையம் பிடிக்க ஒன்று, மூன்றாவது 'டோன்'. வாப்பா அதைத் திருகினால் இரைச்சல் குறையும், கூடவே ச, ஸ, ஷ எல்லாம் மழுங்கும். குறைக்கத்தான் அதனால் முடியும், கூட்ட முடியாது. மத்திய அலையில் நிலையங்களுக்கிடையே 9 கிலோஹேர்ட்ஸ்தான் இடைவெளி. அதனால் பெட்டிகள் ஏறத்தாழ 4, 5 கிலோஹேர்ட்ஸுக்கு மேலுள்ள ஒலியை விட்டுவிடும். அப்படியிருந்தும் இலங்கை வானொலி முஸ்லிம் சேவையில் நாகூர் ஈ. எம். ஹனீபாவின் குரல் தெருமுனை வரைக்கும் கேட்டது. அவருடைய குரலின் பலமெல்லாம் அந்தப் பெட்டி தாங்கும் நடுப் பகுதியிலேயே இருந்தது என்பது என் கணிப்பு.

இனிக் கெசட்டுக்கு வருகிறேன்.

1983இல் வாப்பா தம்மாமில் வேலை செய்தார். அக்காலத்தில் இந்தக் கரையில் எத்தனை வீடுகளில் கெசட்தான் கடிதம் என்பது இங்கே இருக்கும் பலருக்குத் தெரியும். இங்கிருந்து பேசி அனுப்புவோம். அங்கே கேட்டுவிட்டு அதே கெசட்டில் மேலே பேசித் திருப்பி அனுப்புவார்கள். ஒரே கெசட் பல தடவை கடல் தாண்டும், ஒவ்வொரு தடவையும் பழைய பேச்சு அழிந்துவிடும். இந்தக் கெசட்டில் உம்மா வீட்டுச் செலவுக் கணக்குச் சொல்கிறார், என் உயர்தரப் பரீட்சை பற்றிச் சொல்கிறார், பிறகு கைக்குழந்தையாக இருந்த என் கடைசித் தம்பிக்குத் தாலாட்டுப் பாடுகிறார். வாப்பா இதன் மேல் பேசவில்லை. பின்பக்கத்திலுள்ள இரண்டு சின்னப் பிளாஸ்டிக் துண்டுகளையும் உடைத்து, இனிமேல் யாரும் பதிய முடியாதபடி செய்து, தன் பெட்டியிலேயே வைத்துக்கொண்டார்.

எங்கள் வீடு மருதமுனையில், கடற்கரைப் பக்கம். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு அங்கே அத்திவாரம்தான் மிஞ்சியது. அந்தக் கெசட் சம்மாந்துறையில் சாச்சி வீட்டில் கிடந்ததால் தப்பியது. சாச்சி அதை வாங்கிக்கொண்டு போய் வருடக்கணக்காகத் திருப்பித் தரவில்லை என்று உம்மா குறைசொல்லிக்கொண்டே இருந்தார். அல்ஹம்துலில்லாஹ், தராமல் விட்டாரே.

அண்மையில் தம்பியின் மகன் அதைக் கணினியில் ஏற்றினான். தாலாட்டு வாங்கிய குழந்தையின் மகன். கெட்டிக்காரப் பிள்ளை. கேட்டுப் பார்த்துவிட்டு, "மாமி, ஒரே இரைச்சல், கீழே கும்மென்று அடிக்குது" என்றான். 250 ஹேர்ட்ஸுக்குக் கீழே எல்லாவற்றையும் வெட்டி எறிந்தான். 2000 முதல் 4000 ஹேர்ட்ஸ் வரை நன்றாக ஏற்றினான். குரல் பளிச்சென்று வந்தது.

உம்மாவுக்கு இப்போது எண்பது நெருங்குகிறது, காதும் மந்தம். முதலில் தொடாத பிரதியைப் போட்டோம். தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "தறி அடிக்கிற கேட்குது புள்ள, நான் என்ன சொல்றன் எண்டு வெளங்குதில்ல" என்றார். பிறகு மகன் செய்த பிரதி. ஒவ்வொரு சொல்லுக்கும் வாய் அசைந்தது. முடிந்ததும் கேட்டார், "எங்க, உம்மாட தறிச் சத்தத்தக் காணல்ல?"

பின்கொட்டிலில் மூத்தம்மா தறி அடித்துக்கொண்டிருந்திருக்கிறார். மருதமுனையில் அந்த ஓசை இல்லாத வளவு அப்போது குறைவு. எனக்கே அது மறந்துபோயிருந்தது. மூத்தம்மா மௌத்தாகிவிட்டார், தறியைக் கடல் கொண்டுபோய்விட்டது. அந்த ஓசை இருந்த ஒரே இடம் அந்தக் கெசட். மகன் கும்மென்று அடிக்கிறது என்று வெட்டியது அதைத்தான். அவனைக் குறைசொல்ல முடியாது, அவன் தறியைக் கேட்டு வளர்ந்தவன் அல்ல.

இந்த இடத்தில் என் பழைய பதில் எனக்கே உதவவில்லை. தொடாமல் விட்டால் உம்மாவுக்குத் தன் குரல் விளங்காது. வயது போகப் போகக் காதில் முதலில் மங்குவது உயர்ந்த மீடிறன்கள். ச, த, ப போன்ற மெய்யெழுத்துகளைப் பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் 2000 ஹேர்ட்ஸுக்கு மேலுள்ள ஒலிதான். போதாததற்கு, உரத்த தாழ்ந்த ஒலி தன்னைவிட உயர்ந்த ஒலியை மூடிவிடும் இயல்புள்ளது. 'சத்தம் கேட்குது, சொல் விளங்கல்ல' என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது இதைத்தான். சத்தத்தைக் கூட்டினால் தறியும் சேர்ந்து கூடும். அந்த ஒரு பகுதியை மட்டும் ஏற்றித் தர ஈக்குவலைசரைத் தவிர வேறு என்ன இருக்கிறது? (காது மந்தம் என்றால் முதலில் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். போனில் புள்ளியை ஏற்றுவது வைத்தியம் ஆகாது.)

மகனும் நானும் ஒரு வெள்ளிக்கிழமைப் பின்னேரம் முழுக்க உட்கார்ந்தோம். கெசட்டில் இருந்த உண்மையான குற்றம் மின்சார முரல்வு. நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். ஆகவே முரல்வு 50இலும், அதன் மடங்குகளான 100, 150இலும் நிற்கும். அந்த மூன்று இடத்தில் மட்டும் ஊசி மாதிரி ஒடுக்கமாக வெட்டினோம். தறியின் அடி அகலமாகப் பரவிய ஒலி, ஆகவே அதற்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. பிறகு 250க்குக் கீழே வெட்டாமல் கொஞ்சம் தாழ்த்தினோம். 3000 பக்கம் கொஞ்சம் உயர்த்தினோம். உச்சியிலுள்ள சீறலைத் தொடவில்லை. அதைக் குறைத்தால் ஸகரமும் போய்விடும். இப்போது தறிக்கு மேலே உம்மா பாடுகிறார்.

இவ்வளவும் செய்தது கேட்பதற்கான பிரதியில். கெசட்டிலிருந்து வந்தபடியே இருக்கும் பிரதி, முரல்வும் சீறலும் எல்லாமாக, மூன்று இடத்தில் தனியே இருக்கிறது. அதில் யாரும் கைவைக்கக் கூடாது. நான் மாற்றிக்கொண்ட பதில் அவ்வளவுதான்: கேட்கிறபோது தாராளமாகத் தொடுங்கள், வைத்திருப்பதைத் தொடாதீர்கள். போனில் ஏற்றிய புள்ளியை நாளைக்கு இறக்கலாம், பதிவில் வெட்டியதை ஒட்ட முடியாது.

சாதாரணமாகப் பாட்டுக் கேட்பதற்கும் ஒன்றிரண்டு சொல்கிறேன். இயர்போனுக்கு இயர்போன், அறைக்கு அறை ஒலி வேறுபடும். அதைச் சரிசெய்ய ஈக்குவலைசர் நல்லது. ஆனால் ஏற்றுவதைவிட இறக்குங்கள். குரல் விளங்கவில்லையா? குரலை ஏற்றாமல் அதை மூடுகிற தாழ்ந்த ஒலியை இறக்கிப் பாருங்கள். ஒரு புள்ளியைப் 10 டெசிபல் ஏற்றினால் அந்தப் பகுதிக்குப் பத்து மடங்கு வலு கேட்கிறீர்கள். கருவிக்கு ஒரு கூரை உண்டு, அதில் தலை முட்டினால் ஒலி கரகரக்கும். கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்கு பஸ்ஸில் போனவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

மெதுவாகக் கேட்கும்போது பாட்டு மெலிந்து தெரிவது உங்கள் பிரமை அல்ல. தாழ்ந்த சத்தத்தில் காது அடியொலியைக் குறைவாகவே கேட்கும். 1933இல் பிளெச்சர், மன்சன் என்ற இருவர் இதை அளந்து காட்டினார்கள். ஆகவே இரவில், பிள்ளைகள் தூங்கும்போது, அடியைக் கொஞ்சம் ஏற்றலாம். சத்தத்தைக் கூட்டினால் அதைத் திருப்பி இறக்கிவிட வேண்டும். பேத்திமாருக்கு ஒன்று சொல்லுங்கள்: உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 80 டெசிபல் என்றால் கிழமைக்கு 40 மணித்தியாலம் கேட்கலாம், 90 என்றால் 4 மணித்தியாலம்தான்.

முடிக்க முன் ஒரு வேண்டுகோள். லண்டனிலோ ரொறன்ரோவிலோ டோஹாவிலோ, நம் சங்கத்துப் பிள்ளைகளின் பெட்டிகளில் இப்படிக் கெசட்கள் கிடக்கும். இருந்தால் உடனே போட்டுக் கேட்க அவசரப்பட வேண்டாம். முதலில் கடைசி வரை ஒருதடவை சுற்றி, மெல்லத் திருப்பிச் சுற்றுங்கள். ஒட்டியிருக்கும் நாடா பிரியும். ஈக்குவலைசர் எல்லாவற்றையும் நடுவில் வைத்துப் பதியுங்கள். பதிந்த பிறகு வீட்டிலுள்ள வயதானவர் ஒருவரைப் பக்கத்தில் இருத்தி, பின்னால் கேட்பது என்னவென்று கேட்டு எழுதி வையுங்கள். வெட்டுவதெல்லாம் அதற்குப் பிறகு. மகன் உதவத் தயாராக இருக்கிறான். உம்மாவின் போனில் அந்த அமைப்புக்கு 'வாப்பும்மா' என்று பெயர் போட்டிருக்கிறான், ராக்குக்கும் பாப்புக்கும் கீழே.