துணைக்கரமும் அதன் பெயரும்



ரோபோவை 'இயந்திர மனிதன்' என்றே எழுதிப் பழகிவிட்டோம். பக்கவாதத்தால் கை வலுவிழந்த ஒருவரிடம் அச்சொல்லைச் சொன்னால், எஃகு உடலொன்று வந்து தமக்காக எல்லாம் செய்துவிடும் என அவர் எண்ணக்கூடும்.

உண்மை வேறு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் நெவில் ஹோகனும் ஹெர்மானோ கிரெப்ஸும் உருவாக்கி, 1990களில் நோயாளிகளிடம் பயன்படுத்தத் தொடங்கிய 'எம்ஐடி-மேனஸ்' கருவிக்கு முகமுமில்லை, காலுமில்லை. மேசையோரம் நீளும் ஒரு கரம் மட்டுமே. நோயாளி அதன் பிடியைப் பற்றி, திரையில் தோன்றும் புள்ளியை நோக்கிக் கையை நகர்த்த வேண்டும். கருவி முந்திக்கொள்வதில்லை. கை தயங்கும் இடத்தில் தாங்கும். வழி தவறினால் மெல்லத் திருப்பும். நடை பழகும் குழந்தையின் பின்னே கைகளை விரித்தபடி வரும் பாட்டியை நாம் அறிவோம் அன்றோ!

இக்காத்திருப்பே இங்கு மருத்துவம். அசைவு முழுவதையும் கருவியே செய்தால், நோயாளி தம்மையறியாமலே முயற்சியைக் குறைத்துக்கொள்கிறார். கை அசையும், பயிற்சி நிகழாது.

ஆகவே இதனைப் 'பயிற்சித் துணைக்கரம்' என்போம். கால்களில் அணியும் கருவியைப் 'புற எலும்புக்கூடு' என மொழிபெயர்த்து முதியவர்களை அச்சுறுத்தவும் வேண்டாம். 'நடைத்துணைச் சட்டம்' போதும். பெயர் சரியாக அமைந்தால், "கையைத் தளர விடுங்கள், அது பார்த்துக்கொள்ளும்" என்று சொல்லும் பிள்ளைகளும், "நீங்கள் தொடங்குங்கள் அப்பா, அது கூடவே வரும்" என்பார்கள்.