ஊழியமா, ஊர்க்கட்டாயமா?

(தீர்த்தமலையில் நடந்த கலைஞர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



என் தாத்தா இந்த மலையடிவாரத்து ஊர்களில் சாவுக்குப் பறையடித்தவர். கூலி பேச முடியாது. அறுப்பு முடிந்து களத்தில் போடுகிற கேழ்வரகுதான். வரமாட்டேன் என்றால் ஊரில் இருக்க முடியாது. அந்தக் கட்டாயத்தை உதறத்தான் அப்பா சபையில் சேர்ந்தார்.

போன கிறிஸ்துமஸ் பவனிக்கு ஒரு சபையில் எங்களைக் கூப்பிட்டார்கள். ஐந்து பேர் போனோம். பறை காய்ச்ச வளாகத்துக்குள் தீ மூட்டாதீர்கள், ரோட்டோரம் போங்கள் என்றார்கள். போனோம். இரவு முழுக்க அடித்தோம். சேலத்திலிருந்து வந்த கீபோர்டு தம்பிக்கு 3,000 ரூபாய் கவரில் போட்டு, ஜெபம் பண்ணிக் கொடுத்தார்கள். எங்கள் ஐந்து பேருக்கும் சேர்த்து 1,000. கேட்டதற்கு, "நீங்க நம்ம சபைப் பிள்ளைங்கதானே, ஊழியமா நினைச்சுக்கங்க" என்றார் ஒரு பெரியவர். தம்பிக்கு உள்ளே மேசையில் சாப்பாடு. எங்களுக்குப் பொட்டலம்.

அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கொடுப்பது பெட்ரோலுக்கே காணாது என்று அவரே சொன்னார். ஆனால் அவரிடம் தொகை பேசித்தான் கூப்பிட்டார்கள். பந்தல்காரரிடம், மைக்செட்காரரிடம், பிரியாணி மாஸ்டரிடம் ஊழியம் என்ற வார்த்தையே வரவில்லை. காலனிக்காரன் மட்டும் காசில்லாமல் செய்ய வேண்டும் என்றால், அது என் தாத்தா பார்த்த வேலைதான்.

வேதத்தில் நெகேமியா 13ஆம் அதிகாரத்தைப் படியுங்கள். ஆலயத்து லேவியருக்குச் சேர வேண்டிய பங்கு போய்ச் சேரவில்லை. அவர்களும் பாடகர்களும் வேலையை விட்டுவிட்டு அவரவர் வயலுக்குப் போய்விட்டார்கள். நெகேமியா வந்து கண்டித்தது பாடகர்களை அல்ல, தலைவர்களை. இதை வைத்து ஒரு பிரசங்கம் நான் இதுவரை கேட்டதில்லை.

மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் 'பரட்டை' என்று எல்லாரும் கூப்பிட்ட தியோபிலஸ் அப்பாவு, சாவு மேளம் என்று ஒதுக்கிய பறையை வழிபாட்டுக்குள் கொண்டுவந்தவர். 2005இல் மறைந்தார். ஒரே உலையில் பொங்கி எல்லாரும் சேர்ந்து உண்பதையும் சேர்த்தே சொன்னார். சபைகள் பறையை மட்டும் எடுத்துக்கொண்டன.

வழக்குப் போடலாமே என்பார்கள். 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவத் தலித் பட்டியல் சாதியில் இல்லை. அதனால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் கை கொடுக்காது. சபைக்குள்தான் பேசியாக வேண்டும்.

நாம் கேட்பது அதிகமில்லை. ஆளுக்கு இவ்வளவு என்று முன்பே பேசி, கமிட்டி நோட்டில் எழுத வேண்டும். பாதி முன்பணம். எல்லாருக்கும் ஒரே பந்தி. காணிக்கையாக அடிக்க நினைக்கிறவன் கூலியைக் கையில் வாங்கி, தானே பெட்டியில் போடட்டும்.

இந்த வருஷமும் அதே சபையிலிருந்து போன் வந்தது. எவ்வளவு தருவீர்கள் என்று கேட்டேன். கமிட்டியில் கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள். இன்னும் சொல்லவில்லை. வேறு குழுவைக் கூப்பிடுவார்கள். போகிறவர்களும் நம்ம பசங்கதான். அவர்களையும் தொகை கேட்கச் சொல்லுங்கள்.