இலத்தீனமும் கரிசல்காட்டு மாணவனும்

(அருப்புக்கோட்டையில் மாணவரிடையே ஆற்றிய உரை)



“ஆங்கிலத்தோடு படும் பாடு போதாதா? இலத்தீனம் வேறு எதற்கு?” என்று அன்பர் ஒருவர் வாயிலிலேயே வினவினார். விடை கூறுகிறேன். நம் பனைக்கு நிலைத்திணை நூலார் இட்ட பெயர் ‘பொராசுசு பிளாபெல்லிபெர்’. என் மாணவன் ஒருவன் அதனை ஆங்கிலமென்றே எண்ணிப் பொருளறியாது உருப்போட்டான். அஃது இலத்தீனம். ‘பிளாபெல்லும்’ விசிறி, ‘பெர்’ தாங்குவது. விசிறிதாங்கி! பனையோலை விசிறியின்றிக் கோடை கழியாத திருச்சுழிப் பிள்ளைக்கு இதனை விளக்க ஒருவரும் இல்லை.

இலத்தீனம் நமக்கு அரிதன்று. ‘அக்ரிக்கொலா தெர்ராம் அராத்’ என்றால், உழவன் நிலத்தை உழுகிறான். சொல்வரிசை நம் வரிசையே. ‘தெர்ரா’ நிலம், ஈற்றில் ‘ம்’ ஏறியதும் நிலத்தை. நம் ஐயுருபின் வேலையை அது செய்கிறது. ‘அரோ’ உழுகிறேன், ‘அராசு’ உழுகிறாய், ‘அராத்’ உழுகிறான். நான், நீ எனத் தனியே கூறாமலே ஈறு இடத்தை உணர்த்தும். ஆனால், உழுகிறாள் என்பதற்கும் அதே ‘அராத்’தான், அங்கே நம் வினைமுற்று ஒருபடி கூடுதலாகவே பேசுகிறது.

‘அரோ’வைக் கண்டதும் நம் ‘ஏர்’ நினைவிற்கு வரும். வரட்டும். ஒலியொப்புமை ஒன்றையே சான்றாக்கி மேடையில் முழங்காதீர். பாவாணர் பன்மொழி கற்ற பின்னரே சொல்லாய்ந்தார். நம்மவர் சிலர் கல்லாமலே முழங்குகின்றனர்.

இடர்ப்பாடு பாலில்தான். நமக்குப் பால், பொருள் பற்றியது. அவர்க்குச் சொல் பற்றியது. நிலம் பெண்பால், பருத்தியோ இருபாலுமல்லாத மூன்றாம் பால். அடைசொல்லும் அதற்கேற்ப ஈறு மாறும். பனைக்குப் ‘பிளாபெல்லிபெர்’ எனில், தென்னைக்கு ‘நூசிபெரா’, கொட்டைதாங்கி. முன்னது ஆண்பால் ஈறு, பின்னது பெண்பால் ஈறு. நம் கரிசலின் கருங்கண்ணிப் பருத்தி ‘காசிப்பியம் ஆர்போரியம்’. ‘அம்’ ஈறு இரண்டிலும் வந்தமை காண்க. ‘ஆர்போர்’ மரம்; ஆகவே மரப்பருத்தி. இம்மூன்று பெயரும் சுவீடன் நாட்டு இலின்னேயசு 1753-இல் வெளியிட்ட நூலில் உள்ளவை.

வேரறிந்தவனே நல்ல தமிழ்ச்சொல் ஆக்குவான். அறியாதவன் அயற்சொல்லை அப்படியே எழுதுவான். அன்றேல் ஆங்கிலத்தைப் பார்த்துப் பிழைபட ஆக்குவான். இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் தமிழைக் கற்று, தமிழுக்கு இலத்தீனத்தில் இலக்கணம் எழுதினார். திருக்குறளின் முதலிரு பாலையும் இலத்தீனமாக்கினார். நமக்குத் தென்மேற்கே காமநாயக்கன்பட்டியிலும் அவர் பணியாற்றியதுண்டு. அவர் கடந்த ஆற்றை மறுகரையினின்று கடக்க நாம் ஏன் தயங்க வேண்டும்?

சீமைக் கருவேலின் பெயரில் ‘யூலிப்புளோரா’ என்றொரு சொல் உண்டு. ‘யூலுசு’ தொங்கும் பூங்கதிர், ‘புளோசு’ பூ. அடுத்த கூட்டத்திற்கு வரும் மாணவர், அதற்கொரு தமிழ்ச்சொல் எழுதி வருக.