வெடிக்காய்ச் செடி



வெளி மாநிலங்களில் குடியேறிய நாம், ஊருக்குப் போய்த் திரும்பும்போது கட்டிக்கொண்டு வருபவை பெரும்பாலும் ஒரே மாதிரியானவைதாம். அப்பளம், வற்றல், காப்பிப் பொடி, வேர் காயாமல் ஈரத்துணியில் சுற்றிய ஒரு கறிவேப்பிலைக் கன்று. சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் இவற்றோடு, ஒரு காகித உறையில் பத்துப் பன்னிரண்டு உலர்ந்த காய்களையும் டில்லிக்குக் கொண்டுவந்தோம். பிள்ளைகள் வெடிக்காய் என்றும் பட்டாசுக்காய் என்றும் சொல்வார்களே, அந்தக் காய்கள். அவற்றால் விளைந்த மகிழ்ச்சியையும் வம்பையும் பற்றியதே இப்பேச்சு.

பள்ளிக்கூடச் சுவரடியிலும் வாய்க்கால் ஓரத்திலும் தானாக முளைத்துப் படரும் செடி இது. முழங்கால் உயரத்துக்கு மேல் அரிதாகவே வளரும். இலைகள் எதிரெதிராக அமைந்து, விளிம்பில் சற்றே அலைபாய்ந்திருக்கும். பூவோ ஊதா நிறப் புனல். வாய்ப்புறம் ஐந்து மடல்களாக விரியும். காலையில் மலர்ந்து, மாலைக்குள் தளர்ந்து உதிர்ந்துவிடும். பூச்சாடியில் வைக்கலாம் என்று பறித்தால் ஏமாற்றமே மிஞ்சும். காய் ஓர் அங்குல நீளத்தில், முனை கூர்ந்து, முற்றியதும் கரும்பழுப்பாகும்.

கனகாம்பரமும் ஆடாதோடையும் இதன் உறவினங்கள். தாவர நூலார் இதனை ருவெல்லியா டியூபரோசா என்பர். 1753-இல் லின்னேயஸ் இட்ட பெயர் அது. முற்பகுதி, ஜான் ருவெல் என்ற பிரெஞ்சு மூலிகை அறிஞரின் நினைவாக அமைந்தது. பிற்பகுதிக்குக் கிழங்குடையது என்று பொருள். இதன் தாயகம் அமெரிக்காவின் வெப்ப நாடுகள். நம் ஊர்ச் செடி என்று நாம் உறவு கொண்டாடும் இதுவும் எங்கிருந்தோ வந்து குடியேறியதுதான். வங்காளத்திலும் இது பரவியிருக்கிறது. 'பொட்பொட்டி' என்று ஓசையாலேயே அங்கே பெயர் பெற்றிருக்கிறது.

காய் ஏன் வெடிக்கிறது? உலர உலர அதன் இரு பாதிகளும் வெளிப்புறமாக வளைய முயல்கின்றன. முனையில் உள்ள ஒட்டு அவற்றை இறுகப் பிடித்திருக்கிறது. அந்த முனையில் நீர் பட்டதும் ஒட்டுத் தளர்கிறது. அடக்கி வைத்த விசை ஒரே நொடியில் விடுபடுகிறது. உள்ளே ஒவ்வொரு விதையின் அடியிலும் ஒரு சிறு கொக்கி உண்டு; கவண் போல் விதையை எறிவது அதுவே. இந்த இனத்தைச் சேர்ந்த வேறொரு செடியை ஆராய்ந்தோர், அதன் தட்டை விதைகள் விநாடிக்கு ஆயிரம் முறைக்கு மேல் சுழன்று 7 மீட்டர் வரை செல்வதாக 2018-இல் வெளியிட்டனர். நனைந்த விதையின் மேல் பசை ஊறுகிறது. விழுந்த மண்ணிலேயே ஒட்டிக்கொள்கிறது. மழைக்கென்றே காத்திருந்து விதைக்கும் உழவனை இதில் காணலாம்.

இந்த விவரமெல்லாம் எங்களுக்குப் பின்னால் தெரிந்தவை. டில்லியில் முதல் மழை பெய்த அன்று, எங்கள் பிள்ளைகள் காய்களை ஒரு தம்ளர் நீரில் போட்டு ஆரவாரித்தனர். நாங்களும் வயதை மறந்து பக்கத்தில் உட்கார்ந்தோம். விதைகள் போன இடத்தை யாரும் பார்க்கவில்லை. அடுத்த ஆண்டு எங்கள் முற்றத்தில் ஊதாப் பூக்கள். குளிர்காலத்தில் தண்டும் இலையும் கருகின. போயிற்று என்று எண்ணினோம். பங்குனி வெயிலில் மீண்டும் துளிர்த்தது. அதற்கும் அடுத்த ஆண்டு, அடுத்த வீட்டுப் பஞ்சாபி மூதாட்டியின் ரோஜாத் தொட்டிகளிலெல்லாம் அதுவே. அவர் பிடுங்கப் பிடுங்க வந்தது. "உங்கள் ஊர்ச் செடிக்கு என் தொட்டிதானா கிடைத்தது?" என்று அவர் கேட்டபோது, எங்களிடம் மறுமொழி இல்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அவர் வீட்டில் மண்வாரியோடு உட்கார்ந்தோம். மேலே பிடுங்கினால் தண்டு அறுந்து வரும். கீழே, தண்ணீர்விட்டான் கிழங்கைப் போல விரல்விரலாகக் கொத்துக் கிழங்கு இருக்கும். அதை முழுதும் தோண்டி எடுத்தாலன்றி ஓயாது.

வளர்க்கலாகாது என்று நாங்கள் சொல்லவில்லை. இலையைத் தின்று வளரும் பட்டாம்பூச்சிப் புழுக்கள் பல உண்டு. சிறகில் கண் எழுதியது போன்ற புள்ளிகளுடைய பூச்சிகள் எங்கள் முற்றத்துக்கு வந்தது இச்செடியால்தான். ஆனால் தரையில் விடாதீர்கள். பத்தங்குலத் தொட்டியில், பாதி மணல் கலந்த மண்ணில், விதையை ஆழப் புதைக்காமல் மேலாகத் தூவி நீர் தெளித்தால் போதும். உரம் வேண்டியதில்லை. நல்ல வெயில் வேண்டும். கோடையில் ஒரு நாள் நீர் மறந்தாலும் கிழங்கு காப்பாற்றும். காய்கள் பச்சையாக இருக்கும்போதே கிள்ளிவிடுங்கள். பிள்ளைகளுக்கென நான்கைந்தை மட்டும் முற்றவிட்டு, அகன்ற வாளிக்குள் வெடிக்கச் செய்யலாம். முகத்தருகே வைத்து வெடிக்க விடவேண்டாம். கிழங்கை மருந்தென்று தாமாக உட்கொள்வதும் தகாது.

நாற்றுப் பண்ணைகளில் இதே பூவோடு மற்றொரு செடி விற்கிறார்கள். இடுப்பளவு உயர்ந்து, கருஞ்சாயல் படர்ந்த தண்டும் ஈட்டி போல் நீண்ட குறுகிய இலையும் உடையது, மெக்சிகன் பெட்டூனியா. அதற்குக் கொத்துக் கிழங்கு கிடையாது. மண்ணுக்குள் ஓடும் தண்டினால் பரவும். அமெரிக்காவின் புளோரிடாவில் நீர்நிலை ஓரங்களை அடைத்துக்கொண்டு தொல்லை தருவது அது. இலையைப் பார்த்து வாங்குங்கள்.

இவை இரண்டையும்விட எங்கள் மனம் நாடுவது கிரந்திநாயகத்தை. அதே இனம், ஆனால் நம் நாட்டில் இயல்பாகவே வளர்வது. தரையோடு படர்ந்து, வெளிறிய ஊதாவில் சிறு பூ பூக்கும். தமிழகத்தின் வறண்ட நிலங்களில் மட்டுமன்றி, ராஜஸ்தானத்திலும் அது வளர்கிறது. ஆகவே அதற்கு ஊரிலிருந்து விதை கட்டிவரத் தேவையில்லை. ஜெய்ப்பூர், ஜோத்பூர்ப் பக்கத்தில் வாழும் நம்மவர்கள் மழைக்காலத்தில் வேலியோரங்களைச் சற்றுக் குனிந்து பார்க்கலாம்.